முடியளவு கம்பி

ராஜகிரி மலைக்குப் பின்னால் வெயில் இறங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து ஹெட்போனைப் பிரிக்கிறேன். வாக்மேனோடு சவுதியிலிருந்து வந்தது. முடியளவே இருக்கும் அதன் செப்புக் கம்பி, நேற்று பீரோ கதவில் மாட்டி அறுந்துவிட்டது. ரியாசுதீன் அண்ணன் கேசட்டில் பேசி அனுப்பியதை மெஹர் பானு அக்கா தனியாகக் கேட்க இதை விட்டால் வழியில்லை. கூடத்தில் பெரிய டேப் ரெக்கார்டர் பூப்போட்ட துணிக்குள் காத்திருக்கிறது. "பெருசுல போடேன் மெஹரு, எம்புள்ள குரல நான் கேக்கக் கூடாதா?" சமையலறையிலிருந்து அக்காவின் மாமியார் மூன்றாம் முறையாகக் கேட்கிறார். "இருங்க மாமி, பி.எஸ்சி. படிச்ச பொண்ணு பாக்குது." அக்கா கதவுக்கும் என் தோளுக்கும் இடையே நடக்கிறார். வளையல் சத்தம் ஓயவில்லை. தீக்குச்சியால் கம்பியின் மேல்பூச்சை எரிக்கிறேன். பூச்சு போகாவிட்டால் கரண்ட் ஓடாது, கொஞ்சம் அதிகம் சுட்டால் கம்பியே போய்விடும். முறுக்கி, பிளாஸ்திரி ஒட்டி, சரிபார்க்க என் காதில் வைத்துப் பட்டனை அழுத்துகிறேன். "மெஹரு," என்கிறது அண்ணனின் குரல், காதுக்கு உள்ளேயே. "பக்கத்துல யாரும் இல்லியே?" உடனே நிறுத்துகிறேன். "இன்னா ஜெயம், கேக்குதா?" "கேக்குதுக்கா," என்று மட்டும் சொல்லி ஹெட்போனை அவர் கையில் கொடுத்துவிட்டு, வாசலில் குனிந்து செருப்பைத் தேடுகிறேன்.