மூக்குச் சாட்சி

ஆறுமுகத்தாய் சுண்டுவிரலை மூக்குக்குள் விட்டாள்.

தொழிலாளர் துறை அதிகாரிக்கு முன்னால், முதலாளிக்கு முன்னால், தறிகளை நிறுத்திவிட்டு நின்ற ஒன்பது பேருக்கு முன்னால். நல்ல பகல் வெளிச்சத்தில்.

வலது கை. இடது கையில் கட்டு. கட்டுக்குள் இரண்டு விரல்கள் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை தறியின் பல்சக்கரம் இழுத்துக்கொண்டது.

இன்று வியாழன். அவள் இந்தத் தறிக்கூடத்தில் வேலை பார்த்தவள் என்று அதிகாரி எழுத வேண்டும். எழுதினால் மேற்கொண்டு வைத்தியத்துக்கு வழி உண்டு. எழுதாவிட்டால் கை அவள் பாடு.

பதிவேட்டில் அவள் பெயர் இல்லை. எங்களில் பாதிப் பேருக்கு இல்லை.

“வேலை கேட்டு வந்த பொம்பள சார்,” என்று முதலாளி சொல்லியிருந்தார். “செவ்வாக்கிழமதான் மொத மொத உள்ள வந்தா. சும்மா நிக்காம ஓடுத தறியில கைய வச்சிட்டா.”

அதிகாரி என்னையும் கேட்டார். நான் தறியில் பாவு நூல் பிணைக்கிறவன். பதினெட்டு வருடமாக இதே கூடம். குடியிருப்பது முதலாளியின் லைன் வீட்டில். இந்தப் பெண்ணை இங்கே பார்த்ததே இல்லை என்றேன். அவர் எழுதிய தாளில் கையெழுத்தும் போட்டேன்.

மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

“நீ இங்க வேலை பார்த்ததுக்கு ஏதாவது அத்தாட்சி இருக்காம்மா?” என்று அதிகாரி அவளிடம் கேட்டார்.

அதற்குப் பதில்தான் அந்தச் சுண்டுவிரல்.

“ஏட்டி, என்ன பண்ணுத? ஆபீசர் முன்னால வெக்கமா இல்ல?” முதலாளி பாய்ந்தார்.

“ரெண்டு வெரலு போன பொறவு என்ன வெக்கம் மொதலாளி.”

விரலை வெளியே எடுத்தாள். அதிகாரியின் கோப்பு மேல் கிடந்த வெள்ளைத் தாளில் தடவினாள். அவர் முகத்தைச் சுளித்து ஓரடி பின்னால் போனார். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

பச்சை. மயில்பச்சை.

“இந்த வாரம் ஓடுத பாவு சார்,” என்றாள்.

இந்த ஊரில் தறி ஓட்டுகிற எல்லோரும் மூக்கு நோண்டுகிறவர்கள்தான். பஞ்சுத் தூசி மூச்சோடு உள்ளே போய், சாயத்தோடு காய்ந்து, ஓடாக ஒட்டிக்கொள்ளும். நோண்டாவிட்டால் மூச்சு விட முடியாது. ஆனால் திருடுவது போலத்தான் நோண்டுவோம். சுவர்ப் பக்கம் திரும்பி, துண்டால் மறைத்து, யாரும் பார்க்காதபோது தறியின் அடிக்கட்டையில் துடைப்போம். அடிக்கட்டையைத் தடவிப் பார்த்தால் பத்து வருடத்து நிறங்கள் இருக்கும்.

அவள் மட்டும் என்றைக்கும் திரும்பியதில்லை. முகம் கழுவுகிற மாதிரி, தலை வாருகிற மாதிரி நோண்டுவாள். அசிங்கம் என்று எத்தனையோ பேர் சொல்லியாயிற்று. மூக்குக்குள் இருப்பது மட்டும் அசிங்கம் இல்லையா என்று கேட்பாள்.

“அஞ்சு நிமிசம் நின்னா எவன் மூக்குலயும் ஏறும் சார்.” முதலாளி சிரித்தார். “செவ்வாக்கிழம உள்ள வந்தான்னுதான் நானும் சொல்லுதேன்.”

அதிகாரி பேனாவை மூடினார்.

ஆறுமுகத்தாய் அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். மறுபடி விரலை விட்டாள்.

இந்த முறை அவசரமே இல்லை. தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, கிணற்றில் விழுந்த வாளியைத் துழாவுகிற மாதிரி. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் ஒற்றைக் கையோடு கிடந்தவள். மூக்கைச் சரியாகக் கழுவியிருக்க மாட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. விடவில்லை.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அத்தனை பேர் பார்க்க அப்படி நிற்க எனக்கு வராது.

பச்சைக்குப் பக்கத்தில் தடவினாள்.

அரக்கு.

“இது போன வாரத்துப் பாவு சார். சனிக்கிழமையே அறுத்தாச்சு. செவ்வாக்கிழம மொத மொத வந்தவ மூக்குல அரக்கு எப்படி ஏறுச்சுன்னு மொதலாளிட்ட கேளுங்க.”

அதிகாரி தாளை இரண்டு விரல் நுனியால் எடுத்துக்கொண்டு சேலை மடிக்கிற மேசைக்குப் போனார். அரக்குச் சேலைகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. தாளை ஒரு சேலை மேல் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

“வேணும்னா எம் மூக்கயும் பாத்துக்கிடுங்க சார்,” என்றாள் ராஜகுமாரி. அடுத்த தறியில் நிற்கிறவள். “அவ தறியும் எந் தறியும் ஒரே பாவுதான்.”

அதுவரை தரையைப் பார்த்தவர்கள் சிரித்துவிட்டார்கள். முதலாளி போன் வந்த மாதிரி வெளியே போனார்.

அதிகாரி புதுத் தாள் எடுத்தார். பேனாவைத் திறந்தார்.

“பேரு?”

“ஆறுமுகத்தாய்.”

“எத்தனை வருசமா வேலை பார்க்கறே?”

“ஏழு வருசம்.”

“புருசன் பேரு?”

அவள் வாயைத் திறக்கவில்லை.

அதிகாரி நிமிர்ந்தார். “புருசன் பேரு என்னம்மா? இருக்காரா, இல்லையா?”

“இருக்காக. பேரச் சொல்லக் கூடாது சார்.”

ஆபீசர் முன்னால் மூக்கு நோண்டியவள் அதற்கு மட்டும் கூசினாள். முந்தானையில் சுண்டுவிரலைத் துடைத்தாள். பிறகு கையை என் பக்கம் நீட்டினாள்.

“அந்தா நிக்காகள்லா சார். அவுகள்ட்டயே கேட்டுக்கிடுங்க.”

அதிகாரி என்னைப் பார்த்தார். பேனா தாளில் ஊன்றியபடி நின்றது.

என் பெயரை நானே சொன்னேன்.