வாய் ஓயாத வழிகாட்டி

"மூணு படி இருக்கு. பார்த்து."

கிரிதரன் இதைச் சொன்னது அன்று காலையில் பத்தாவது தடவையாவது இருக்கும். ஸ்ரீராம்குமார் பல்லைக் கடித்துக்கொண்டான்.

கிரிதரன், பசுபதி, ஸ்ரீராம்குமார். மூவரும் மதுரையில் ஒரே கல்லூரி, ஹாஸ்டலில் ஒரே ரூம். மூவரும் கடைசியாக ஒன்றாக இருந்து இருபத்தாறு வருஷம் ஆகிவிட்டது. கிரிதரனுக்குச் சீனாவில் சியான் நகரத்தில் வேலை. "ரெண்டு பேரும் வாங்கடா, ஊரைச் சுத்திக் காட்டுறேன்" என்று அவன்தான் விடாமல் கூப்பிட்டான்.

வந்த முதல் நாளே ஸ்ரீராம்குமாருக்கு வெறுத்துவிட்டது.

பழைய கோட்டை மதில். மேலே ஏறினால் வாடகை சைக்கிள் வரிசையாக நிற்கிறது. மதில் மேலேயே ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வரலாம்.

"மாப்ள, ஆளுக்கு ஒண்ணு எடுப்போமா?" என்று கேட்டான் ஸ்ரீராம்குமார்.

"வேண்டாம்டா, நடப்போம்" என்றான் கிரிதரன். "இடது பக்கம் சிவப்பு விளக்கா தொங்குது பாருங்க. கீழ ஒரு பார்க். வயசான பொம்பளைங்க இருபது பேரு ஆடுறாங்க. எல்லாருக்கும் பச்சைச் சட்டை."

"தெரியுது."

"முன்னாடி ஒரு செங்கல் தூக்கிட்டு இருக்கு."

"அதுவும் தெரியுதுடா."

பசுபதி சிரித்தான். காலேஜிலும் அவன் இப்படித்தான், யார் சண்டை போட்டாலும் நடுவில் நின்று சிரிப்பான். இப்போது கிரிதரன் தோளில் கை போட்டபடி நடந்துகொண்டிருந்தான். விமானத்தில் வந்து இறங்கும்வரை ஸ்ரீராம்குமார் தோளில் கிடந்த கை அது.

சாப்பாட்டுக் கடையிலும் கிரிதரன் ஓயவில்லை.

"பசுபதி, நூடுல்ஸ் உனக்கு நேரா இருக்கு. வலது கைப்பக்கம் டீ, கொதிக்குது. காரம் அந்தப் பக்கம் சின்னக் கிண்ணத்துல."

"அப்படியே ஊட்டி விட்டுரு" என்றான் ஸ்ரீராம்குமார்.

எடுத்த வீடியோவைப் போட்டுப் பார்த்தான். மணிக்கூண்டு, கோபுரம், கடைத்தெரு, எதை எடுத்தாலும் பின்னால் கிரிதரன் குரல். மனைவி சுஷ்மாவுக்கு ஒன்றை அனுப்பினான். 'யாரு அது, கிரிக்கெட் வர்ணனை மாதிரி?' என்று அவள் பதில் போட்டிருந்தாள்.

மூன்றாம் நாள் மண் சிப்பாய்களைப் பார்க்கப் போனார்கள். பெரிய பள்ளத்துக்குள் ஆயிரக்கணக்கில் ஆள் உயரப் பொம்மைகள். இதற்காகத்தான் ஸ்ரீராம்குமார் இவ்வளவு தூரம் வந்ததே. நல்ல இடம் பிடித்துப் போனைத் தூக்கினான்.

"முதல் வரிசையில நிக்கிறவனுக்கு மீசை இருக்கு. பக்கத்துல இருக்கவன் சின்னப் பையன் மாதிரி இருக்கான். நடுவுல நாலு குதிரை. அதுக்குப் பின்னால ஒருத்தன் தலை இல்லாம..."

"கிரி, கொஞ்சம் வாயை மூடுறியா? எங்களுக்கு என்ன கண்ணா இல்லை?"

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிரிதரன் முகம் சுருங்கிவிட்டது.

பசுபதிதான், "சொல்லட்டும் விடுடா. எனக்குக் கேட்க நல்லாயிருக்கு" என்றான்.

கிரிதரன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். ஆனால் நிறுத்தவில்லை.

கிளம்பும் நாளில் ஏர்போர்ட்டில் அவன் பசுபதியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதான். ஸ்ரீராம்குமார் கையை மட்டும் நீட்டினான். இதுக்கு ஒரு அழுகையா என்றிருந்தது அவனுக்கு.

சிங்கப்பூர் மாறி மதுரையில் இறங்கினார்கள். பசுபதியின் மனைவி ஜானு காரோடு வந்திருந்தாள். பசுபதியை முதலில் முன்சீட்டில் உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, பெட்டி ஏற்றப் பின்னால் வந்தாள்.

"ஊரு எப்படிண்ணே இருந்துச்சு?"

ஸ்ரீராம்குமார் ஐந்து நாள் ஆத்திரத்தையும் கொட்டினான்.

"ஊரு நல்லாத்தான் இருந்துச்சு. அந்தக் கிரிதான் ஒண்ணையும் நிம்மதியா பார்க்க விடலை. இம்புட்டு பேசுவான்னு தெரிஞ்சிருந்தா டூர் கம்பெனியோடயே போயிருப்பேன். படி இருக்கு, பள்ளம் இருக்குன்னு, என்னமோ கண்ணு தெரியாதவங்களைக் கூட்டிட்டுப் போற மாதிரி."

பெட்டியைத் தூக்கிய ஜானு அதை அப்படியே கீழே வைத்தாள்.

"நான்தாண்ணே கிரியண்ணன்கிட்ட அப்படிச் சொல்லச் சொன்னேன்."

ஸ்ரீராம்குமார் விழித்தான்.

"இவருக்குக் கண் நரம்பு பட்டுப்போச்சு. நேரா பார்த்தா வட்டமா கொஞ்சம் தெரியும். கீழயும் பக்கத்துலயும் ஒண்ணும் தெரியாது. அதுவும் எம்புட்டு நாளைக்குன்னு டாக்டரால சொல்ல முடியலை. பார்வை இருக்கிறப்பவே உங்க ரெண்டு பேரோடயும் ஒரு ஊரைப் பார்த்துரணும்னாரு. அதான் கிரியண்ணனுக்குப் போன் பண்ணினேன்."

கார்க் கண்ணாடி வழியாகப் பசுபதியின் பின்தலை தெரிந்தது. ஸ்ரீராம்குமாருக்குக் கோபம் வந்தது.

"எங்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, ஜானு? நானும் அவன் சிநேகிதன்தானே?"

"சொல்லுவோம்னுதான் நான் சொன்னேன். அவருதான் உங்ககிட்ட வேண்டவே வேண்டாம்னுட்டாரு."

பெட்டியை மறுபடி தூக்கி உள்ளே வைத்தாள். பிறகு கோபமே இல்லாமல் கேட்டாள்.

"தெரிஞ்சிருந்தா அவரைக் கூட்டிட்டுப் போயிருப்பீங்களாண்ணே?"