கொஞ்சமா கடன் குடுங்க

"வெட்கமா இல்ல உனக்கு? பெருநாள் கொண்டாட வண்டியை அடகு வைக்க வந்துட்டியே!"

இந்தோனேசியாவின் பெகாசி நகரத்து அடகுக்கடை வரிசையில் நின்ற அத்தனை தலைகளும் திரும்பின.

கத்தியவர் தர்சோனோ, தெருத் தலைவர்; தெருவே 'பாக்', அதாவது ஐயா, என்று கூப்பிடும் ஆள். வாங்கிக் கட்டிக்கொண்டவள் வினார்சி. அதே தெருவில் குடியிருந்துகொண்டு பைக்கில் காய்கறி விற்பவள்.

"மெதுவா பேசுங்க பாக். நோன்பு நேரம், தொண்டை காய்ஞ்சிடும்" என்றாள்.

"காயட்டும்! தவணை கட்டி முடிச்சு முழுசா மூணு மாசம் ஆகல. அதுக்குள்ள அடகா? பத்து நாள் ஊர்ல பந்தா காட்டணும், மிச்ச வருஷம் பூரா வட்டி கட்டிச் சாகணும். உங்களுக்கெல்லாம் எப்பத்தான் புத்தி வரும்?"

அந்த 'உங்களுக்கெல்லாம்' பக்கத்தில் நின்றவர்களையும் சேர்த்தே அடித்தது. சோற்றுக் குக்கரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற ஒரு அம்மாள் தரையைப் பார்த்தாள்.

"அது இருக்கட்டும். நீங்க எதுக்கு வந்தீங்க பாக்?"

"நானா? மீட்காம விட்ட நகையெல்லாம் இங்க ஏலத்துல சல்லிசா கிடைக்குமாம். சம்சாரம் சொன்னா. வாங்க வந்திருக்கேன். வைக்க வரல! இருபது வருஷமா பெருநாளுக்குன்னு நான் ஒருத்தன்கிட்டயும் கை நீட்டினது கிடையாது. தெரிஞ்சுக்கோ!"

வினார்சி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்றரை. இரண்டு மணிக்குக் கவுண்டரைச் சாத்தினால் பெருநாள் முடிந்துதான் திறப்பார்கள். நாலு மணிக்குச் சொந்த ஊரான வொனோகிரிக்கு பஸ். அங்கே அக்கா வீட்டில் வளர்கிற ஒன்பது வயது மகளை வருஷத்துக்கு ஒரு தடவைதான் பார்க்க முடியும். வண்டி விஷயம் முடியாமல் பஸ் ஏறவும் முடியாது. திரும்பி வந்தால் அந்த வண்டிதான் சோறு.

அவள் முறை வந்தது. கவுண்டரில் இருந்த ஹெந்த்ரா, வண்டியைப் பார்த்துவிட்டு வந்து ஆர்.சி. புக்கைப் புரட்டினான்.

"நல்லா வச்சிருக்கீங்க அக்கா. அறுபது லட்சம் ரூப்பியா வரைக்கும் தரலாம்."

"கேட்டியா? அறுபது லட்சம்! தீர்ந்தது கதை" என்றார் தர்சோனோ பின்னாலிருந்து.

"அவ்வளவெல்லாம் வேண்டாம் தம்பி. ஒரு லட்சம் குடுங்க, போதும்."

ஹெந்த்ரா பேனாவைக் கீழே வைத்தான்.

"ஒரு லட்சமா? பஸ் ஸ்டாண்டுல நாலு பேர் கோழிச் சோறு தின்னா தீர்ந்துடும் அக்கா!"

"நான் ஒருத்திதானே போறேன்? அதுவே ஜாஸ்தி."

"விளையாடாதீங்க. கோடவுன்ல இடமே இல்ல. ஒரு லட்சத்துக்கு ஒரு வண்டியை உள்ள நிறுத்தினா, மேனேஜர் என்னை வெளிய நிறுத்திடுவாரு. இருபது லட்சமாவது வாங்குங்க."

"வட்டியை உங்க மேனேஜரா கட்டுவாரு? ஒரு லட்சம்."

"பத்து."

"ஒண்ணேகால்."

"அஞ்சு! கடைசி. இதுக்கு மேல இறங்க மாட்டேன்."

"நானும் இந்த நாற்காலியை விட்டு இறங்க மாட்டேன். எனக்குப் பின்னாடி முப்பது பேர் நிக்கறாங்க. அவங்களுக்கு நீங்களே பதில் சொல்லிக்குங்க."

விலையைக் குறைக்கப் பேரம் பேசுகிறவர்களை அந்த வரிசை நிறையப் பார்த்திருக்கிறது. கடனைக் குறைக்கப் பேரம் பேசுகிறவளை அன்றைக்குத்தான் பார்த்தது. முதலில் சிரித்தது. கடிகாரத்தைப் பார்த்ததும் கத்த ஆரம்பித்தது.

"அட, அந்தப் பொண்ணு கேட்கிற கொஞ்சத்தைக் குடுத்து அனுப்புப்பா!"

"எங்க பஸ் என்ன உங்க வாசல்லயா நிக்குது?"

ஹெந்த்ரா தலையில் கை வைத்தான். "ரெண்டு லட்சம். ஆளை விடுங்க."

"எழுதுங்க" என்றாள் வினார்சி.

வண்டி பின்கட்டுக்குள் போய், இரும்புக் கதவு சாத்திப் பூட்டு விழும் வரை எட்டி நின்று பார்த்தாள். பிறகு ரசீதை நாலாக மடித்தாள்.

தர்சோனோவுக்குப் பொறுக்கவில்லை.

"ரெண்டு லட்சத்தை வச்சு என்னத்தக் கொண்டாடப் போறே? இதுக்கு ஒரு அடகா?"

"பணத்துக்கு யாரு வந்தா பாக்? நான் திரும்பி வர்ற வரைக்கும் வண்டி பூட்டுக்குள்ள இருக்கணும், அவ்வளவுதான். வந்ததும் இதே ரெண்டு லட்சத்தைக் கட்டி எடுத்துப்பேன். வட்டி ஒரு டீக் காசு ஆகுமா? காவல் கூலின்னு நினைச்சுக்கறேன்."

தர்சோனோவின் முகம் சிவந்தது.

"காவலா? அப்ப நான் எதுக்கு இருக்கேன்? யார் யார் ஊருக்குப் போறாங்கன்னு எழுதி வச்சு, வீட்டுக்கு வீடு பூட்டை இழுத்துப் பார்க்கிறவன் நான்! எங்கிட்ட சாவியைக் குடுத்திருந்தா, ஒரு காசு செலவில்லாம உன் வண்டியைக் கண்ணுக்குள்ள வச்சுக் காப்பாத்தியிருப்பேனே! தெருத் தலைவனை நம்பாம அடகுக்கடையை நம்பறியே, இது எனக்கு எவ்வளவு அவமானம்?"

வரிசையே அவர் பக்கம் சாய்ந்தது. "பெரிய மனுஷர் சொல்றது நியாயந்தானேம்மா? ஒரு வார்த்தை அவர்கிட்ட கேட்டிருக்கலாம்" என்றாள் குக்கர் அம்மாள்.

வினார்சி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் அருகில் போனாள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். ஆனாலும் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது.

"போன வருஷம் உங்ககிட்டதானே பாக் சாவியைக் குடுத்துட்டுப் போனேன்? திரும்பி வந்து சீட்டைத் தூக்கிப் பார்த்தா, முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற உங்க மாமியார் ஊர்ல, பெருநாள் அன்னிக்குப் போட்ட பார்க்கிங் டிக்கெட் இருந்துச்சு!"