பிஸ்கெட்டின் வலிப்பு மாத்திரை

ஒஹையோவின் சிற்றூர் ஒன்றில் கால்நடை மருத்துவராயிருந்த ரோண்டா, நோயாளியைக் கண்ணால் காணாமல் மருந்து எழுதித் தருவதில்லை. தச்சர் வர்ஜிலின் நாய் பிஸ்கெட்டுக்கு மட்டும் அவ்விதி தளர்ந்திருந்தது, பழகிய மனிதராயிற்றே!

அன்று அவர் வந்து நின்றதுமே ரோண்டா பொரிந்து தள்ளினார்.

"பனி கொட்டுது, வண்டி கிளம்பலன்னு இனிமே கதை விடாதீங்க வர்ஜில். நாயைக் கூட்டிட்டு வந்தாத்தான் மாத்திரை."

"அது வராது டாக்டர்."

"ஏன், என்மேல கோவமா?"

"போன வருஷமே செத்துப் போச்சு."

"அப்போ இத்தனை மாசமா யாருக்கு வித்தீங்க? போதைக்காரப் பசங்களுக்கா? வெக்கமா இல்ல?"

வர்ஜில் தொப்பியைக் கழற்றினார். "என் பொண்ணுக்கு டாக்டர். அவளுக்கும் வலிப்பு, அதே மாத்திரைதான். மருந்துக் கம்பெனி கை மாறினதும் மனுஷங்களுக்கு மட்டும் விலையைப் பத்து மடங்கு ஏத்திட்டானுங்க. நாய்க்கு இன்னும் பழைய விலைதான். மாத்திரை தீர்ந்துபோய் நேத்து பள்ளிக்கூடத்துல விழுந்துட்டா."

ரோண்டாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஆனால் அதைக் காட்டவேண்டியவர் எவரும் அந்த அறையில் இல்லை. மேசையடியில், ஒருநாளும் நோயறியாத அவருடைய நாய் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. பேனாவை எடுத்தார்.

"திட்டினதுக்கு மன்னிச்சிடுங்க வர்ஜில். செத்த நாய் பேருக்கு எழுத முடியாது. இன்னையிலிருந்து என் நாய்க்குத்தான் வலிப்பு."