வண்டியைத் திருப்பினோம்

வண்டி தெரு முனைக்கு வந்ததும் மேளத்தை அடிக்கச் சொன்னேன்.

ஆய்க்குடி மேளம். நான்தான் ஏற்பாடு செய்திருந்தேன். போராட்டத்துக்கு எதற்கு மேளம் என்று சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும், கூட்டம் சேர்ந்ததா இல்லையா?

குற்றாலத்தில் சீசன் முடிந்த பிறகு அருவிக்கரையிலும் பஸ் ஸ்டாண்டிலும் புத்தி கலங்கித் திரிகிறவர்களைச் சேர்த்து வைக்க, எங்கள் தெருக் கடைசியில் ஒரு காப்பகம். இன்றைக்குத் திறப்பு. வண்டியில் முதல் பன்னிரண்டு பேர்.

விடுவோமா?

ஒரு மாதமாக நான் வேலைக்குச் சரியாகப் போகவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினேன். பிள்ளைகள் பயப்படும், மனை விலை படுத்துவிடும் என்று ஆளுக்குத் தகுந்த மாதிரி பேசினேன். அந்த வண்டி மட்டும் உள்ளே வந்துவிட்டால் நான் இந்தத் தெருவில் குடியிருக்க முடியாது. ராத்தூக்கமே போய்விட்டது.

பெண்களை முன்னால் உட்கார வைத்திருந்தேன். போலீஸ் கை வைக்க யோசிக்கும். எதிர்வீட்டு ரெங்கம்மாள் அக்கா முன் சக்கரத்துக்கு நேராகக் காலை நீட்டிவிட்டார்.

"இங்கன நுழையணும்னா எங்க மேல ஏத்திட்டுப் போங்க சார்!"

இன்ஸ்பெக்டர் போனை எடுத்து யாரிடமோ பேசினார். தலையைச் சொறிந்தார். பிறகு டிரைவரைப் பார்த்துக் கையைச் சுழற்றிக் காட்டினார்.

வண்டி ரிவர்ஸ் எடுத்தது!

விசில் பறந்தது. என்னைத் தோளில் தூக்கிவிட்டார்கள். சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வண்டி முழுசாகத் திரும்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு தாடிக்காரர் என்னையே பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏலே மணி, சோப்பு வாங்கிட்டியாலே?"

மேளச் சத்தத்தில் வேறு யார் காதிலும் அது விழவில்லை.

எங்கள் வீட்டு முன்னறையில் மாலை போட்ட படத்தில் இருக்கும் என் அண்ணன்தான் அவர். அருவித் தண்ணீர் விழுந்தால் புத்தி தெளியும் என்று ஐந்தருவிக்குக் கூட்டிப் போய், தலை நிறைய எண்ணெய் தேய்த்து நிற்க வைத்து, சோப்பு வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் பஸ் ஏறி மூன்று வருடம் ஆகிறது.