பன்னிரண்டாவது டீம்

பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் சந்தியாவைத்தான் கேப்டனாக வைத்திருந்தார்கள். வைக்காத ஒருத்தி அவளுடைய கூடப்பிறந்த அக்கா.

இடைவேளை விசில் ஊதியதும், பெஞ்சில் உட்கார்ந்திருந்த சந்தியா பையிலிருந்து செல்போனை எடுத்து அந்த ஆப்பைத் திறந்தாள். ஒவ்வொரு டீமாகத் தள்ளிக்கொண்டே வந்தவளின் விரல் கடைசி டீமில் நின்றுவிட்டது. அக்கா சந்திரலேகாவின் டீம். ஏழு படங்களில் சந்தியாவின் படம் இல்லை. கேப்டன் தமிழ்ப்ரியா.

தமிழ்ப்ரியா! மாற்று ஆட்டக்காரியாக இருந்து, இன்று சந்தியாவின் இடத்தில் இறங்கி ஆடிக்கொண்டிருப்பவள்.

இந்த ஆப் வந்த புதிதில் சந்தியா அதை நம்பவே இல்லை. மாநில மகளிர் கபடி லீக்கில் கள்ளக்குறிச்சி அணிக்கு அவள் தேர்வானதும், மலைமேல் இருக்கும் சொந்த ஊரில் தையல் கடை வைத்திருக்கும் அக்காதான் இதைத் தேடிப் பிடித்து ஊர்க்காரர்களைச் சேர்த்துவிட்டாள். லீக்கில் ஆடுகிறவர்களில் ஏழு பேரை ஆளாளுக்குப் பொறுக்கி ஒரு டீம் போட வேண்டும். அந்த ஏழு பேர் களத்தில் எடுக்கும் புள்ளி நம் டீமுக்கு ஏறும். கேப்டன் எடுத்தால் இரட்டிப்பு.

"காசு எவ்ளோ கட்டினீங்க?" என்றுதான் சந்தியா முதலில் கேட்டாள்.

"ஒரு பைசா இல்லடி. பேங்க் நம்பர்கூடக் கேக்கல. சும்மா வெளாட்டு."

எப்படியும் ஒரு நாள் அந்த ஆப் காசு கேட்கத்தான் போகிறது என்று காத்திருந்தாள். கடைசிவரை கேட்கவில்லை. நடந்தது வேறு. அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஆடுகிறாளே என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட ஊர், தினம் போன் போட்டு விசாரிக்க ஆரம்பித்தது. எழுதப் படிக்கத் தெரியாத இருசம்மாள் அத்தை படத்தைப் பார்த்தே டீம் போட்டுவிட்டு, சாமைக் கொல்லையிலிருந்து கூப்பிடுவாள்.

"இன்னாம்மா, துன்னியா? இன்னிக்கு எத்தினி பாயிண்டு எடுத்துத் தருவ?"

ஓசியில் வந்த ஒரு ஆப், மொத்த ஊரையும் தன் பக்கம் திருப்பிவிட்டதே என்று சந்தியா தனியாகச் சிரித்துக்கொள்வாள்.

இன்று இறுதி ஆட்டம், கள்ளக்குறிச்சியிலேயே. கடைசி பஸ்ஸை விட்டால் மலையேற வழியில்லை என்பதால் ஊர்க்காரர்கள் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு எடுக்க, தேர்வாளர்கள் இருவர் சென்னையிலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

சந்தியாவின் வலது முட்டி பத்து நாளாக வீங்கியிருந்தது. அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. ஸ்பிரே அடித்து, மேலே உறையை இழுத்துவிட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தாள். போன வாரம் ஊருக்குப் போனபோதுகூட, வலியைக் காட்டிக்கொள்ளாமல்தான் பஸ்ஸிலிருந்து வீடுவரை நடந்தாள்.

ஆறு மணி ஆட்டத்துக்கு ஐந்தரைக்குத்தான், பகலெல்லாம் லீக் கூட்டத்தில் இருந்துவிட்டு வந்த கோச் காசியம்மாள் அவளைத் தனியே கூப்பிட்டார்.

"முட்டி உறையக் கழட்டு."

அவர் விரல் வைத்து அழுத்தியதும் சந்தியா பல்லைக் கடித்தாள்.

"நீ ஒக்காரு. தமிழ்ப்ரியா எறங்கட்டும்."

"மேடம், இன்னிக்கு ஒரு நாள் மட்டும்..."

"இன்னிக்கு எறங்கினா, நீ கபடி ஆடுற கடைசி நாளு இதாத்தான் இருக்கும்."

யார் போட்டுக் கொடுத்தது? ஒரே அறையில் தங்கும் தமிழ்ப்ரியாவைத் தவிர வேறு யார்? "சத்தியமா நான் சொல்லலடி" என்று கையைப் பிடித்தவளை உதறிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தவள்தான்.

அவள் செய்த துரோகமே நெஞ்சில் எரிந்துகொண்டிருக்க, இப்போது அக்காவுமா? கபடிக்கு அனுப்ப மாட்டேன் என்ற அப்பாவிடம் மல்லுக்கட்டி அனுப்பி வைத்த அக்கா!

ஆட்டப் பந்தலுக்குப் பின்னால் நொண்டிக்கொண்டே போய்ப் போன் போட்டாள்.

"ஊரே என்னை நம்புச்சு. நீ மட்டும் நம்பல இல்ல?"

"ஏண்டி இப்டிப் பேசற? கால் எப்டி இருக்குது?"

"கால வுடு. நான் பெஞ்சுல ஒக்காந்ததும் என்னைத் தூக்கிட்டு அவளப் போட்டுக்கினியா? சும்மா வெளாட்டுல ஜெயிக்கறதுக்கு உனக்கு அவ்ளோ ஆசையா?"

"நான் ஒண்ணும் மாத்தலடி. மத்தியானமே அப்டித்தான் போட்டேன்."

உண்மைதான். நாலு மணிக்கு மேல் யாரும் டீமை மாற்ற முடியாது, ஆப் பூட்டிக்கொள்ளும். கோச் அவளைக் கூப்பிட்டதோ ஐந்தரைக்கு.

"மத்தியானமேன்னா... நான் ஆட மாட்டேன்னு எனக்கே அப்ப தெரியாதே. உனக்கு எப்டித் தெரிஞ்சுது?"

பந்தலுக்குள் இரண்டாம் பாதி தொடங்கும் விசில் கேட்டது.

"போன வாரம் நீ பஸ்ஸ வுட்டு எறங்கும்போதே காலப் பாத்துட்டேன். கேட்டா இல்லம்ப. அதான் கேக்கல."

"அக்கா..."

"காத்தால உங்க மேடத்துக்குப் போன் பண்ணதே நான்தான்டி."