கெட்டி பேட்டரி

"உங்களுக்கு இந்த வேலை வேணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க."

மேனேஜர் கேட்டாள். மெக்கானிக் சுத்தமாக இருந்த விரல்களையே துணியில் துடைத்துக்கொண்டு நின்றார். மின்சாரக் காரில் கையில் ஒட்ட கிரீஸ் எங்கே இருக்கிறது? முப்பது வருஷப் பழக்கம், அவ்வளவுதான்.

"வேணும் மேடம்."

"அப்புறம் ஏன் இப்படிப் பண்றீங்க? இந்த மாசம் ஆறு பேர் வந்தாங்க. ஆறு வண்டியிலயும் பேட்டரி தேஞ்சு போச்சு. ஒருத்தர்கூட புதுசு மாத்தலை. ஆறு பேருக்கும் உபதேசம் பண்ணினது நீங்க."

"கெட்டி பேட்டரி வருதுன்னு சொன்னேன் மேடம். வேற ஒண்ணும் சொல்லலை."

சாலிட் ஸ்டேட் பேட்டரியைத்தான் அவர் அப்படிச் சொல்வார். உள்ளே திரவமே இல்லாத பேட்டரி. பத்து நிமிஷத்தில் சார்ஜ் ஏறிவிடும், ஏறினால் ஆயிரம் கிலோமீட்டர் போகும் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. அந்தச் செய்திகளையெல்லாம் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். மடித்து மடித்து, மடிப்பில் எழுத்தே அழிந்துபோயிருந்தது.

"நான் இங்க டிரெய்னியா சேர்ந்தப்பவே அடுத்த வருஷம் வந்துடும்னாங்க. என் பொண்ணு பிறந்து, நடந்து, இப்ப ஸ்கூலுக்கே போறா. அது மட்டும் இன்னும் வந்துக்கிட்டே இருக்கு. பேப்பர்ல வர்ற பேட்டரியில வண்டி ஓடுமா?" என்றாள் மேனேஜர்.

"எப்பவாவது ஒருநாள் வந்துதானே ஆகணும்?"

"நிஜமாவே நம்பறீங்களா?"

அவர் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"காலையில நம்பறேன் மேடம். சாயங்காலம் ஆனா முடியறதில்லை."

அவளுக்குச் சிரிக்கத் தோன்றியது. தெம்பில்லை. மேசை மேல் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் கிடந்தது.

"அடுத்து வர்றவர்கிட்ட, என் எதிர்லயே, மாத்துங்கன்னு சொல்றீங்க. அவரும் திரும்பிப் போனார்னா நாளைலேர்ந்து நீங்க வர வேண்டாம். கோவிச்சுக்காதீங்க. எனக்கும் மேல இருந்து இதையேதான் சொல்லியிருக்காங்க."

அடுத்து வந்தவர் ஒரு டாக்சிக்காரர். கூடவே, தோளில் காலேஜ் பையோடு அவர் மகள்.

"நேத்து பாலத்து மேல நின்னுடுச்சுங்க. பின்னாடி வந்தவன் ஒவ்வொருத்தனும் என் பரம்பரையையே விசாரிச்சுட்டுப் போனான்."

மெக்கானிக் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார். பேட்டரியின் பலம் நூறு சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் அறுபத்தொன்று.

"ஒரே ஒரு அடுக்குதான் சோர்ந்து கிடக்கு. அது மத்ததையும் சேர்த்து இழுக்குது" என்று முனகினார். ரெண்டு நாள் மெதுவாகச் சார்ஜ் போட்டுச் சமப்படுத்தினால், ஊருக்குள்ளே இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம். அதில் கம்பெனிக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

"புதுசு என்ன ஆகும்?" என்று கேட்டாள் மகள்.

மெக்கானிக் எஸ்டிமேட் தாளை நீட்டினார். டாக்சிக்காரர் வாங்கிப் பார்த்தார். பிறகு, தொகை உள்ளே போகும்படி அதை மடித்தார்.

"காட்டுங்கப்பா."

"ஒண்ணும் பெரிசில்லைம்மா. பாத்துக்கலாம்."

"அப்பா, நம்ம தெருமுனைக் கடையில பில் போட இன்னும் ஆள் கிடைக்கலையாம். ஒரு வருஷம் காலேஜை நிறுத்திட்டு நான் போறேனே?"

"வாயை மூடு. எங்கிட்ட பணம் இல்லைன்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. உங்க மூஞ்சி சொல்லுது."

அவர் அந்த முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அங்கே மாட்டியிருந்த தீயணைப்புக் கருவியின் குறிப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். பிறகு, மகளுக்குக் கேட்கும்படி உரக்க:

"ஏங்க, புதுசா ஏதோ சாலிட் பேட்டரி வருதாமே? கொஞ்சம் பொறுத்தா அதையே போட்டுக்கலாமில்ல?"

கேள்வி மாதிரி இல்லை. தண்ணீரில் இருப்பவன் கையை நீட்டுவது மாதிரி இருந்தது.

கண்ணாடிக் கதவருகே மேனேஜர் கைகட்டி நின்றுகொண்டிருந்தாள். மெக்கானிக் அவளைப் பார்த்தார். சட்டைப் பையைத் தொடப் போன கை பாதியில் இறங்கிவிட்டது.

"இல்லீங்க. அதெல்லாம் சும்மா பேப்பர்க்காரன் கதை. இப்பவே மாத்திடறதுதான்…"

"அப்ப நான் அந்தக் கடைக்கு வர்றேன்னு சொல்லிடறேன்பா." மகள் போனை எடுத்தாள்.

"ஒரு நிமிஷம்மா."

மேனேஜர் உள்ளே வந்தாள். டாக்சிக்காரர் கையிலிருந்த தாளை வாங்கி மேசை மேல் கவிழ்த்து வைத்தாள்.

"சார், இவர் சொல்றதைக் கேக்காதீங்க. விஷயம் தெரிஞ்சவங்க யாரும் இப்ப புதுசு மாத்தறதில்லை. ரெண்டு நாள் வண்டியை விட்டுட்டுப் போங்க, சமப்படுத்தித் தர்றோம். ஒரு வருஷம் தாங்கும். அதுக்குள்ள அது வந்துடும்."

டாக்சிக்காரர் மூச்சு விட்டார். மகள் விடுவதாக இல்லை.

"நிச்சயமா வந்துடுமா மேடம்?"

"பின்னே? நானே என் கார்ல பழசை வெச்சுக்கிட்டு அதுக்காகத்தானே காத்துக்கிட்டிருக்கேன்" என்றாள், தினமும் ரெண்டு பஸ் மாறி வேலைக்கு வரும் மேனேஜர்.